ஜெபிக்க வாய் வராத நாட்களில்

தம்பி, கொழும்பு வேலை போய் ஹட்டன் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பிவிட்டேன், ஜெபிக்கவும் வாய் வரவில்லை, விசுவாசம் செத்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார். தேவன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவும் விடுகிறார். அப்புறம்தான் ஓரேப் மலையில் பேச்சு, அடுத்த வேலை எல்லாம். மனுஷன் மண்தானே, உடம்பு களைத்தால் ஆத்துமாவும் சோரும். முதலில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போகுமுன் ரொட்டி சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொடுங்கள். இன்றைக்கு உங்கள் அழைப்பு அதுவாகவே இருக்கலாம். ஜெபத்துக்கு 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தால் போதும். சாகும் நினைப்பு வந்தால் மட்டும் ஒளிக்காதீர்கள், போதகரிடம் சொல்லுங்கள், மனநல உதவி எண் 1926-க்கும் எடுங்கள்.