வாசகர் கேள்வி: மகள் உண்டா, இல்லையா?

கேள்வி: குழந்தை காணாமல் போகிற த்ரில்லர் நாவல் ஒன்று சொல்லுங்கள். ரத்தம் வேண்டாம், ஆனால் தூக்கம் போக வேண்டும்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சரி, ஈவ்லின் பைப்பரின் 'பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்' (1957). நியூயார்க்கில் ஓர் இளம் தாய், நர்சரியில் விட்ட மகளைக் கூட்டிவரப் போகிறாள். குழந்தையைக் காணோம். தேடலாம் என்றால், அப்படியொரு குழந்தையைப் பார்த்ததாகச் சொல்லவே ஆளில்லை. போலீஸின் சந்தேகம் தாய் மேலேயே திரும்புகிறது: இவளுக்கு மகள் என்று ஒருத்தி உண்டா? நடுவில் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

கடத்தியது யார் என்று துரத்தும் கதைகளைப் பாதியில் மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். இதில் முடியவில்லை. அவள் கல்யாணமாகாத தாய். அவளை நம்பாமலிருக்க அந்தக் காலத்து ஊருக்கு அதுவே போதும். அந்த எரிச்சல்தான் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது.

பைப்பர் என்பது புனைபெயர், எழுதியவர் மெரியம் மோடெல். 1965-இல் ஓட்டோ பிரெமிங்கர் இதைப் படமாக்கினார். போலீஸ் அதிகாரியாக லாரன்ஸ் ஒலிவியே. பிரெமிங்கர் கதையை லண்டனுக்குக் கொண்டுபோய் முடிவையும் மாற்றிவிட்டார். அதனால் படம் பார்த்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

உங்கள் பிள்ளைக்கு எல்கேஜி வயது என்றால் மட்டும், கோடை விடுமுறையில் படியுங்கள்.