பூமியதிர்ச்சியை எதிர்வுகூற முடியாதென்றால் பாறையையும் செய்மதியையும் ஆராய்ந்து என்ன பயன்?

பாறை உராய்வையும் செய்மதிப் புவியளவையையும் மேற்படிப்புக்கு எடுக்க விரும்புவதாகவும், பூமி அதிரும் நாளைச் சொல்ல முடியாத படிப்பு எதற்கு என்று வீட்டார் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கிழக்குக் கரையைச் சேர்ந்தவர் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். ஒரு நேர்முகத் தேர்வில் என்னையும் இப்படித்தான் கேட்டார்கள்: "மட்டக்களப்பில் பூமி அதிர்கிறதா, நீர் ஆராய்வதற்கு?" அன்று எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே சற்று நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் பிறந்தவன். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி முறியத் தொடங்கியபோது எங்கள் கடிகாரத்தில் காலை 6.58. அலை எங்கள் கரையை அடைந்தது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குப் பின்னர்தான். அந்த நேரம் முழுவதும் அம்மம்மா முற்றத்தில் அடுப்புக்குத் தென்னமட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் பிறகு காணவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் உலகத்துக்கு என்ன தெரிந்திருந்தது என்று தேடியதுதான் என்னை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில், அதாவது எங்கள் 7.14க்கு, அதிர்ச்சியின் அளவு 8.0 என்று அறிவித்தது, 8.04க்கு அதை 8.5 ஆக்கியது. உண்மையான அளவு 9.1. 8.0க்கும் 9.1க்கும் இடையில் வெளிப்படும் சக்தி நாற்பது மடங்குக்கு மேல் வேறுபடும். பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு எட்டு நிமிடங்களுக்கும் மேலாகத் திறந்துகொண்டே போனது. விரைவுக் கணிப்புகளோ முதலில் வந்து சேர்ந்த, வேகமாக அதிரும் நில அதிர்வலைகளையே நம்பியிருந்தன. தேர் வடத்தின் நுனியை மட்டும் பார்த்துத் தேரின் பாரத்தைச் சொல்வதைப் போன்றது அது.

செய்மதிப் புவியளவை அந்த அதிர்வலையைக் கேட்பதில்லை. நிலம் எவ்வளவு தள்ளிப் போய் நின்றது என்பதை ஜிபிஎஸ் செய்மதிகளைக் கொண்டு நேரே அளக்கிறது. தாய்லாந்தின் புக்கெட் அன்று 27 சதமமீற்றர் இடம்பெயர்ந்தது. அதிர்வு தொடங்கிய பின் 15 நிமிடங்களுக்குள் கிடைத்த ஜிபிஎஸ் தரவே அளவு 9.0 என்று காட்டியிருக்கும் என்பதை புவியளவை ஆய்வாளர் ஜெஃப்ரி பிளூவிட்டும் அவரது குழுவினரும் 2006இல் நிறுவினார்கள். அந்தக் கட்டுரையை முதன்முறை வாசித்தபோது நான் கணக்கிட்டது ஒன்றைத்தான்: முதல் அறிவித்தல் வந்த அதே 7.14. அலைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை வலையமைப்பே இருக்கவில்லை, சரியான எண் கிடைத்திருந்தாலும் கல்லடிக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜிபிஎஸ் மட்டும் அம்மம்மாவைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கை அமைப்பு வந்த பிறகும் எண் ஒன்று மட்டும் போதவில்லை என்பதை 2012 ஏப்ரல் 11இல் கண்டோம். அளவு 8.6 என்று செய்தி வந்ததும் எங்கள் தெருவே பாலத்தை நோக்கி ஓடியது. பெரிய அலை வரவில்லை. அன்று பாறைகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்தனவே தவிர, கடலடியைப் பெரிதாக மேலே தூக்கவில்லை. "வீணாகப் பயம் காட்டுகிறார்கள்" என்று அயலவர்கள் ஏசினார்கள். ஓடச் சொன்னது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். எவ்வளவு என்பதோடு எந்தத் திசையில் என்பதையும் நிமிடங்களில் அறியத்தான் இந்த ஆராய்ச்சி.

பாறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாறை ஆய்வாளர்களான பிரேஸும் பயர்லீயும் 1966இல், அழுத்தத்தின் கீழ் வைத்த பாறை பிடித்து நின்று திடீரென வழுக்குவதே பூமியதிர்ச்சியின் பொறிமுறையாக இருக்கலாம் என்றார்கள். ஆழம் குறைந்த நிலைமைகளில் பெரும்பாலான பாறைகளின் உராய்வுக் குணகம், அதாவது வழுக்கவைக்கத் தேவையான விசைக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம், 0.85 அளவில் இருக்கும் என்பது பயர்லீ 1978இல் தொகுத்துக் காட்டியது. அம்பாறைப் பக்கத்துக் கல்லுடைப்பு ஒன்றிலிருந்து எடுத்துச் சென்ற கருங்கல்லை நான் ஆய்வுகூடத்தில் அழுத்தியபோதும் விடை அதை ஒட்டியே வந்தது. நெடுநேரம் அசையாமல் நின்ற கல் சடாரென்று வழுக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எப்போது வழுக்கும் என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. ஆனால் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதைக் கருவி ஒவ்வொரு நொடியும் காட்டிக்கொண்டிருந்தது. சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் மெந்தாவாய்த் தீவுகளில் உள்ள ஜிபிஎஸ் நிலையங்களும் இதையே செய்கின்றன. 1797இலும் 1833இலும் முறிந்த அந்தப் பகுதி மீண்டும் பூட்டிக்கொண்டு பாரம் ஏற்றிவருவதை அவற்றின் நகர்வில் காணலாம்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் ஒரு ஜிபிஎஸ் அலைவாங்கி வைப்பதற்காக அலுவலகம் ஒன்றின் மொட்டைமாடியைக் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் நானே பணம் கட்டுவதாக எழுதியிருந்தேன்.

அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நெவாடா புவியளவை ஆய்வுகூடம் உலக நிலையங்களின் நகர்வுத் தரவுகளை இலவசமாகத் தருகிறது. சுமாத்திராவின் மேடான் நகருக்கருகே உள்ள நிலையத்தின் வரைபைத் திறந்து, 2004 டிசெம்பர் 26இல் கோடு துண்டுபட்டு வேறிடத்தில் தொடங்குவதை உங்கள் வீட்டாருக்குக் காட்டுங்கள்.