டிக்கன்ஸின் கடைசித் தம்பி

கேள்வி: நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் தம்பியின் குடும்பத்தைத் தவிக்க விட்டார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பாதிதான் உண்மை. 1827இல் பிறந்த கடைக்குட்டி அகஸ்டஸ், அண்ணனின் செல்லம். டிக்கன்ஸின் தொடக்கக்காலப் புனைபெயரான ‘பாஸ்’ (Boz)கூட இந்தத் தம்பியின் வீட்டுப் பெயரிலிருந்து வந்ததே. மனைவி ஹாரியட் பார்வையிழந்த பின், அகஸ்டஸ் அவரைக் கைவிட்டு, பெர்த்தா என்ற பெண்ணுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சிகாகோவில் ரயில் நிறுவனமொன்றில் பணியாற்றி, 1866இல் அங்கேயே காலமானார். (ஊரில் ஒரு குடும்பம், பினாங்கில் ஒரு குடும்பம் என்று வாழ்ந்த தாத்தாக்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை.)

1867–68இல், தம் படைப்புகளை மேடைகளில் வாசித்துக்காட்ட அமெரிக்காவில் பயணம் மேற்கொண்ட டிக்கன்ஸ் சிகாகோவுக்குப் போகாததால், தம்பி குடும்பத்தைப் பார்க்கக் கூசியே ஒதுங்கினார் என அவ்வூர்ப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. ஆனால் லண்டனில் இருந்த ஹாரியட்டுக்கு அவர் தொடர்ந்து பொருளுதவி செய்துவந்தார். சட்டப்படி அவரே மனைவி என்பது டிக்கன்ஸின் நிலைப்பாடு. சிகாகோவில் வளர்ந்த அகஸ்டஸின் மகன் பெர்ட்ராமுக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு அனுப்பினார். பெர்த்தாவிடம் மட்டும் அவர் மனம் இளகவில்லை என்றே எனக்குப் படுகிறது. அப்பெண்மணி 1868 டிசம்பரில், மார்ஃபின் அளவு மீறியதால் இறந்துபோனார்.