அடுப்படிக் கேள்விகள்: அன்னதானத்துக்கு ஒரு லோரி விறகு எதற்கு?

கேள்வி: அக்கா, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வருஷா வருஷம் ஒரு சின்ன லோரி நிறைய விறகு வாங்குகிறோம். முன்பெல்லாம் மறுநடவுக்கு வெட்டிய பால்மரக் கட்டை சும்மா கிடைத்தது, இப்போது சுற்றிலும் செம்பனைதான். கமிட்டியில் ஒருவர் யூடியூப்பில் பார்த்துவிட்டு ராக்கெட் அடுப்பு கட்டலாம், பாதி விறகு மிச்சம் என்கிறார். அண்டாவுக்குத் தாங்குமா?
- கமிட்டித் தம்பி, சுங்கை சிப்புட்

பதில்: தாங்கும் தம்பி, ஆனால் யூடியூப்பில் எண்ணெய் டின்னை வெட்டிச் செய்கிறார்களே, அது இல்லை. அது நாலு பேர் சோற்றுக்கு. அண்டாவை ஏற்றினால் டின்னும் சாயும், சாம்பாரும் போகும்.

விஷயம் இதுதான். மூன்று கல் வைத்து மைதானத்தில் எரிக்கும்போது காற்று அள்ளிக்கொண்டு போகிற சூடுதான் அதிகம், பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனால் பெரிது. ராக்கெட் அடுப்பை 1980களில் அமெரிக்காவின் ஓரிகானில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வடிவமைத்தார். 'ட' மாதிரி வளைந்த ஒரு குழாய், பக்கவாட்டில் விறகு, நிமிர்ந்த பக்கத்தின் மேலே பாத்திரம், அவ்வளவுதான். விறகுக்கு அடியில் ஒரு தட்டு வைத்தால் காற்று கீழே புகுந்து, சூடாகி, தீக்குள் போகும். விறகின் நுனி மட்டும் எரியும், எரிய எரியத் தள்ளிவிட வேண்டும். புகை வெளியே வருவதற்குள் அதுவும் எரிந்துவிடுவதால்தான் விறகு மிச்சம். புகை என்பது எரியாத விறகு, வேறொன்றுமில்லை.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு, நானும் விட்டேன். என் வீட்டுக் கொல்லையில் முதலில் கட்டினபோது கெட்டியாக இருக்கட்டும் என்று செங்கல்லை அடுக்கி உள்ளே சிமெண்ட் பூசினேன். முதல் முக்கால் மணி நேரம் அடுப்புதான் சூடேறியது, தண்ணீர் பேசாமல் இருந்தது. மூன்றாவது சமையலில் சிமெண்ட் பொரிந்து ஒரு சில்லு தெறித்து ரசத்தில் விழுந்தது. மண்ணும் செங்கல்லும் சூட்டைத் தடுப்பதில்லை, குடித்துவிடும். சூட்டைத் தடுப்பது உள்ளே காற்று நிற்கிற பொருள், அதாவது நம் அடுப்புச் சாம்பலேதான். பாரத்தை வெளிச்செங்கல் தாங்கட்டும், உள்ளே தனியாகத் தீக்குழாய், இரண்டுக்கும் நடுவில் சலித்த சாம்பல். வீட்டு அடுப்புக்கு 10, 12 சென்டிமீட்டர் அகலக் குழாய் போதும், அண்டாவுக்கு அது காணாது, பெரிதாக வேண்டும். குழாயின் உயரம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு. அப்புறம் அண்டாவைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி விட்டு ஒரு தகரப் பாவாடை கட்டிவிடுங்கள், சூடு பக்கங்களையும் தடவிக்கொண்டு போகும்.

பாதி விறகு மிச்சமா என்றால், விறகு காய்ந்திருந்தால் உண்டு. அன்று வெட்டிய கட்டையில் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிற சூட்டில் சுமார் 7 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே வாங்கி, பிளந்து, கூரைக்கடியில் அடுக்குங்கள். அண்டாவை மூடியும் வையுங்கள், திறந்து வைத்தாலும் இதே கணக்குத்தான். நம் சமையல்காரர்கள் மூடியைக் கண்டால் ஏனோ கோபப்படுகிறார்கள்.

கேள்வி: விறகை மிச்சப்படுத்தினால் காடு பிழைக்கும், விலங்கு பிழைக்கும் என்று போன இதழில் எழுதினீர்கள். மலேசியாவில் காடு போனது தோட்டம் போட்டும் மரம் வெட்டியும்தான். அடுப்பை மாற்றினால் புலி வந்துவிடுமா? காதில் பூ சுற்றாதீர்கள்.
- வாசகர், தாப்பா

பதில்: கோபம் நியாயம். 150க்கும் குறைவாக மிஞ்சியிருக்கிற மலாயாப் புலிக்கும் நம் வீட்டு கேஸ் தோங்குக்கும் சம்பந்தமில்லை. போன முறை மொட்டையாக எழுதிவிட்டேன், நான் சொன்னது வேறு ஊர்க் கதை.

சீனாவில் வோலோங் என்று பாண்டாக்களுக்கான காப்பகம் இருக்கிறது. உள்ளேயே மக்களும் குடியிருக்கிறார்கள். அவர்கள் விறகு வெட்டியது தங்கள் சோற்றுக்கும் குளிருக்கும் மட்டுமில்லை, வளர்க்கிற பன்றிக்குத் தீனி வேகவைக்கவும்தான். பக்கத்து மரம் தீர்ந்தால் இன்னும் மேலே ஏறி வெட்டுவார்கள், அங்கேதான் பாண்டா இருக்கும். காப்பகம் என்று அறிவித்த பிறகு பாண்டாவின் இடம் முன்னைவிட வேகமாகச் சுருங்கியது என்று 2001இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு குறைந்த விலையில் மின்சாரம் கொடுக்க ஏற்பாடு ஆனது.

கொங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் நிலைமை இன்னும் மோசம். கோமா பட்டணத்து அடுப்புகளுக்குக் கரி அந்தக் காட்டிலிருந்து போகிறது, அது பெரிய பணம். 2007 ஜூலையில் அங்கே மலைக் கொரில்லாக்களைக் குடும்பமாகச் சுட்டுப் போட்டபோது சந்தேகம் கரி வியாபாரிகள் மேல்தான் விழுந்தது. அந்த மாதிரி ஊரில் கரியை மிச்சம் பிடிக்கிற ஒவ்வோர் அடுப்பும் கணக்கில் வரும். கென்யாவின் ஜிக்கோ அடுப்பு தெரியுமா? உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த தகரம், உள்ளே சுட்ட மண். உள்ளூர்த் தகரக்காரர்களே செய்து விற்கிறார்கள், அதனால்தான் நிலைத்தது.

கேள்வி: கோல செப்பத்தாங் கரி வாங்கி சாத்தே சுடுகிறோம். பாவமா?
- சுரேஷின் அம்மா, தைப்பிங்

பதில்: சாப்பிடுங்கம்மா. அந்தக் கரி வருகிற மாத்தாங் சதுப்புக் காட்டில் பாக்காவ் என்கிற சதுப்புநில மரத்தை 30 வருஷச் சுற்றில் வெட்டி மறுபடி வளர்க்கிறார்கள், நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டைக் கரிக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: விழுந்த செம்பனை மரம், பழைய பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, இதெல்லாம் அடுப்புக்கு ஆகுமா?
- வாசகி, பீடோர்

பதில்: செம்பனைத் தண்டு நாரும் தண்ணீரும்தான், புகையும், எரியாது. பிளைவுட்டில் பசை, பெயின்டில் ஈயம் இருக்கலாம். பச்சை நிறமேறிய கம்பிவேலிக் கட்டை கண்டிப்பாக வேண்டாம், அந்த மருந்தில் ஆர்செனிக் உண்டு, சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள்.