உயிருள்ள திசுவைப் பார்க்க ஒளிரும் சாயங்கள் எவ்வாறு உதவுகின்றன?

ஒளிரும் சாயத்தின் மூலக்கூறு குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலில் ஒரு சிறு பகுதியை இழந்து, எஞ்சியதைச் சற்று நீண்ட அலைநீளத்தில் உமிழ்கிறது. எனவே தூண்டும் ஒளியை வடிகட்டியால் தடுத்துவிட்டால், சாயம் சென்ற இடங்கள் மட்டும் கேமராவில் பளிச்செனத் தெரியும்.

கையின் சிரையில் செலுத்தப்படும் ஃபுளோரசீன், நீல ஒளி பட்டதும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்து, விழித்திரை நாளங்களின் கசிவைக் காட்டுகிறது. ஆனால் நீலத்தையும் பச்சையையும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் பெருமளவு உறிஞ்சிவிடுவதால், ஆழமான திசுக்களில் இது பயன்படுவதில்லை. 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியை இரத்தமும் நீரும் குறைவாகவே உறிஞ்சுகின்றன; 1959இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இண்டோசயனின் கிரீன் ஒளிர்வது அப்பகுதியில்தான். அது பிளாஸ்மா புரதங்களுடன் பிணைந்து நாளங்களுக்குள்ளேயே தங்குவதாலும், கல்லீரல் அதைச் சில நிமிடங்களில் பித்தநீருக்குள் அகற்றத் தொடங்குவதாலும், வெட்டி இணைக்கும் குடல் முனைகளுக்கு இரத்தம் பாய்கிறதா என்பதையும், பித்தப்பை அறுவையில் பித்தநாளம் எங்கே செல்கிறது என்பதையும் ஒரே சாயத்தால் அறியலாம். இதன் மிகப் பெரிய பயன் இதுவே என்பது என் கருத்து. எனினும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ளவை தெளிவாகத் தெரிவதில்லை. அரிதாகக் கடும் ஒவ்வாமையும் ஏற்படலாம்.

மூளைப் புற்றான கிளியோமாவுக்கான வழி வேறு. வாய்வழி தரப்படும் அமினோலெவுலினிக் அமிலம் தானே ஒளிர்வதில்லை. புற்றணுக்கள் அதை ஒளிரும் புரோட்டோபோர்ஃபிரினாக மாற்றிச் சேர்த்துக்கொள்வதால், நீல ஒளியில் கட்டி சிவப்பாகத் தெரிகிறது. தோலும் அப்போது ஒளிக்கு எளிதில் பாதிப்புறுமாதலால், நோயாளி ஓரிரு நாட்கள் கடும் வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும்.