ஆயில் மூடிக்குள் வெண்ணெய்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஆறு வயது, 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு மார்க்கெட், வங்கி, கோயில் என்று ஒரு நடைக்கு இரண்டு கி.மீ.தான். போன வாரம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல வெளிர்மஞ்சளாக ஒட்டியிருந்தது. ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும், முப்பதாயிரம் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். கழற்றச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், உதகை

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ஐயா. ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம்; அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அது போனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்து இப்படி வெண்ணெயாகலாம். ஆனால் வெண்ணெய்க்கு அது ஒன்றே காரணம் இல்லை. அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாரா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே.

இந்த விஷயத்தில் நான் சூடு பட்டவன். ஷெட் போட்ட புதிதில் குன்னூரிலிருந்து ஒரு டாக்டரம்மாவின் கார் இதே வெண்ணெயோடு வந்தது. மூடியைப் பார்த்த கையோடு ஹெட்டைக் கழற்றிவிட்டேன். கேஸ்கட் முழுசாக இருந்தது. லேத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஹெட்டில் வளைவும் இல்லை. புது கேஸ்கட் வாங்கி என் செலவில் பூட்டிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் மறுபடி வெண்ணெய்! அப்புறம்தான் கேட்டேன்: வீட்டுக்கும் கிளினிக்குக்கும் ஒன்றரை கி.மீ.தானாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, ப்ரீதர் குழாய் வழியே ஏறிப் போய்விடும். இரண்டு கி.மீ.யில் அது எங்கே சூடாவது? டெம்பரேச்சர் முள் மேலே வந்துவிட்டதே என்பீர்கள். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். அந்த மூடியோ இன்ஜினின் உச்சியில், வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து கிடக்கும் இடம். ரசச் சட்டி மூடியில் நீர் கோர்ப்பது போல அங்கே கோர்த்து, ஆயிலோடு சேர்ந்து வெண்ணெயாகிவிடுகிறது. உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

சரி, கூலன்ட் கலக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில், வண்டியை எடுக்கும் முன், டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஆயில் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் பாதி பயம் போயிற்று. மோர்க்குழம்பு மாதிரி கலங்கியிருந்தாலோ, அளவு போன மாதத்தைவிட ஏறியிருந்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்து கூலன்ட் டப்பா. மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பத்து நாள் காலையில் மட்டும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம், முகம் வெந்துவிடும். அளவு கோட்டிலிருந்து இறங்கவே இல்லை என்றால், கேஸ்கட் வழியே கூலன்ட் கலக்கிறது என்று சந்தேகப்பட முகாந்திரம் குறைவு. இறங்கினால், வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால், அப்போது சந்தேகப்படுங்கள். டப்பாவுக்குள் குமிழி வருகிறதா, ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி ஆகிறதா, வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா என்று கவனிக்க வேண்டும். காலைப் புகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊட்டியில் எல்லா வண்டியும் காலையில் புகை விடும்.

சந்தேகம் வந்தாலும் உடனே கழற்ற வேண்டியதில்லை. கூலன்ட் லைனில் பம்ப் வைத்துக் காற்றழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சிலிண்டரில் பெட்ரோல் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கசிந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் ஒன்றும் உண்டு. இந்த இரண்டையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொரு பழைய வித்தை: சூடான தகரத்தில் ஒரு சொட்டு ஆயில். ஈரம் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். ஆனால் அது குளிரில் கோர்த்த ஈரமா, கூலன்ட்டா என்று சொல்லாது. வீட்டு தோசைக்கல்லில் செய்து பார்க்க வேண்டாம். எனக்கு அதில் அனுபவம் உண்டு.

டிப்ஸ்டிக்கும் கோடும் சுத்தமாக இருந்தால், மூடியைத் துடைத்துவிட்டு வாரம் ஒரு தடவை கோத்தகிரி வரை போய் வாருங்கள். போகும்போது பெரும்பாலும் இறக்கம், இன்ஜின் அவ்வளவாகச் சூடாகாது. திரும்பும் ஏற்றத்தில்தான் வேலை நடக்கும். ஆயிலைக் கி.மீ. கணக்கில் மாற்றாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் தெருவில் நின்ற கார், சீட் வரை தண்ணீர். இப்போது வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: சாவியைத் தொடாதீர்கள் அம்மா. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் நின்ற உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, டோ வண்டியில் ஏற்றுங்கள். நீங்கள் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், பாலிசியோடு ‘இன்ஜின் கவர்’ என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்காவிட்டால் பணம் வருவது கஷ்டம்.