புது ராணியை ஈக்கள் ஏன் கொன்றன?

கேள்வி: அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் 12 தேன்பெட்டி வைத்திருக்கிறேன். ஓணம் கழிந்ததிலிருந்து ஒரு பெட்டியில் ஈ குறைந்துகொண்டே வருகிறது. திறந்து தேடினால் ராணியைக் காணோம். ஆனால் முட்டை இருக்கிறது, சில அறைகளில் இரண்டு மூன்றுகூட. இன்னொரு பெட்டியில் உபரியாக இருந்த ராணியைப் பிடித்து உள்ளே விட்டேன். மறுநாள் காலை அடிப்பலகையில் செத்துக் கிடந்தது. வேறு ராணி விட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், அதையும் கொன்றுவிடும். அந்தப் பெட்டியில் ராணி இல்லைதான். ஆனால் ராணி வேலையை வேறு யாரோ பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வேலைக்கார ஈக்களே முட்டை இடுகின்றன.

ராணியும் புழுக்களும் வெளியிடும் வாசனைதான் வேலைக்கார ஈக்களின் முட்டைப்பையை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. ராணி போய், புழுவும் தீர்ந்துபோனால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். நம் ஊர் இந்தியத் தேனீயில் இது இத்தாலியத் தேனீயைவிடச் சீக்கிரமாகவே நடக்கும். இந்த ஈக்கள் ஆண் ஈயோடு சேராதவை. அதனால் இவை இடும் முட்டையிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். வேலை செய்யப் புது ஈ பிறப்பதில்லை, பழைய ஈ செத்துக்கொண்டே இருக்கிறது. பெட்டி மெலிவது இதனால்தான். கூட்டமோ தனக்கு ராணி இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் விட்ட ராணி அதற்கு அந்நியள்.

உறுதி செய்துகொள்ள வெயில் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, அடையைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் அறையின் அடிவரை போக வேண்டும். நல்ல ராணி இட்டது என்றால் அறைக்கு ஒன்று, வெள்ளை நூல் துண்டு போல அடியில் நடுவில் நிற்கும். வேலைக்கார ஈயின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. அதனால் முட்டை பக்கச் சுவரில் தாறுமாறாக ஒட்டியிருக்கும். முட்டையிடத் தொடங்கிய புது ராணியும் முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு இடுவதுண்டு. ஆனால் அவை அடியில்தான் இருக்கும். மூடிகளையும் பாருங்கள். சின்ன வேலைக்கார அறைகளில் மூடி குண்டாகப் புடைத்து, உச்சியில் ஊசித் துளையோடு அங்கங்கே சிதறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. ஈ நிறைந்த அடை இரண்டு மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெட்டியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், நல்ல ராணியுள்ள பலமான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். தினமும் இரண்டு மூன்று அடி நகர்த்திப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு நாள் அந்தி நேரத்தில் பலமான பெட்டியின் மேல் ஒரு தாள் செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளை போட்டு, சர்க்கரைப் பாகு லேசாகத் தடவி, மெலிந்த பெட்டியை அதன் மேல் வையுங்கள். தாளைக் கடித்துத் திறப்பதற்குள் இரண்டின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது. மூன்றாம் நாள் அடிப்பலகையில் தாள் தூள் கிடக்கும்.

ஈ இன்னும் நிறைய இருந்தால் வேறு வழி உண்டு. நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஓர் அடையை எடுத்து, ஈக்களை உதறிவிட்டுக் கொடுங்கள். (உதறும் முன் அதில் அந்தப் பெட்டியின் ராணி இல்லையே என்று பாருங்கள். அவசரத்தில் நான் ஒருமுறை பார்க்காமல் விட்டேன், ஒரு பெட்டியைச் சரிசெய்யப் போய் இரண்டு பெட்டி கெட்டது.) வாரம் ஒன்றாக இரண்டு மூன்று முறை கொடுத்தால் புழு வாசனை முட்டையிடும் ஈக்களை மெல்ல அடக்கும். ஈக்கள் புது ராணியை வளர்க்க ராணி அறை கட்டத் தொடங்கினால் பெட்டி வழிக்கு வந்துவிட்டது.

அப்புறம் பெட்டியைத் தொடாமல் நாள் எண்ணுவதுதான் வேலை. இளம்புழுவிலிருந்து கட்டிய ராணி ஏறக்குறைய 12 நாளில் வெளிவரும். அடுத்த ஐந்து முதல் பத்து நாளில் வெயில் பார்த்து இணையப் பறக்கும். முட்டை கண்ணில் பட மொத்தம் ஒரு மாதம் ஆகலாம். ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ராணி பறக்க முடியாது. மூன்று நான்கு வாரம் அப்படியே போனால் அதுவும் ஆண் ஈ முட்டை மட்டும் இடுகிற ராணியாகிவிடும். இப்போதைய வானத்தைப் பார்த்தால், உங்கள் பெட்டிக்குச் சேர்ப்பதையே சொல்வேன். தை, மாசியில் ரப்பர் தளிர்விட்டு இலைக்காம்பில் தேன் சுரக்கும்போது ஒரு பலமான பெட்டி தருவதை இரண்டு நோஞ்சான் பெட்டிகள் தராது.

இனி ராணியைக் காணோம் என்றவுடன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கூட்டம் பிரிந்துபோன பெட்டியில் இரண்டு மூன்று வாரம் முட்டையே இருக்காது. உள்ளே கன்னி ராணி இருக்கும், மெலிந்த உடம்பு, வேக ஓட்டம், கண்ணில் அகப்படாது. காலியான ராணி அறையைப் பாருங்கள்: நுனி வட்டமாக வெட்டித் திறந்திருந்தால் ராணி வெளியே வந்துவிட்டது, பக்கவாட்டில் கிழிந்திருந்தால் உள்ளிருந்ததை யாரோ கொன்றிருக்கிறார்கள். அப்போதும் சந்தேகம் என்றால் மேலே சொன்னபடி முட்டை அடை ஒன்று கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் ராணி அறை எழும்பினால் ராணி இல்லை. எழும்பாவிட்டால் பெரும்பாலும் இருக்கிறது, மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

புது ராணியை விடுவது ராணி போய் ஓரிரு நாளே ஆன பெட்டிக்குத்தான் சரி. அதற்கும் முதலில் ராணி அறைகளைக் கிள்ளிவிட்டு, ராணியைக் கூண்டில் ஓரிரு நாள் உள்ளே வைத்துப் பாருங்கள். ஈக்கள் கூண்டைக் கடித்துப் பந்தாக மொய்த்தால் திறக்காதீர்கள். சாதாரணமாக மேலே நடந்து, கம்பி வழியே தீனி கொடுத்தால் திறக்கலாம்.

சேர்த்து முடித்தபின் மிஞ்சும் ஆண் ஈ அடைகளை வெட்டி உருக்கிவிடுங்கள். காலி அடையைப் பெட்டியில் அப்படியே விட்டால் மெழுகுப் புழு பத்தே நாளில் வலை பின்னிவிடும்.